என் பாம்புக்கு எலிதான் சாப்பாடு

எலியை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்பேர்னில், கிரான்பர்னில் இருக்கிற என் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "உந்த மைக்ரோவேவிலயோ சூடாக்கிறனீங்கள்?" கேட்டுவிட்டுக் கோப்பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள்.

இல்லை. மைக்ரோவேவில் வைத்தால் எலியின் ஒரு பக்கம் ஐஸ்கட்டியாகக் கிடக்க மறுபக்கம் வெந்துபோகும். சிலவேளை வெடிக்கும். உடுப்புத் தோய்க்கிற என் லோன்ட்ரியில் எலிக்கென்றே ஒரு சின்ன ஃபிரீசர் இருக்கிறது. எலிக்கென்றே ஒரு வாளி, ஒரு பழைய துவாய், ஒரு அடி நீளத்தில் ஒரு இடுக்கி. எலிகள் வளர்ப்புப் பிராணிக் கடையில் உறைந்தபடி பைக்கற்றில் வருகின்றன. நான் பிடிப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. பையோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, நடுவயிற்றில் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு துடைத்து, இடுக்கியால் வாலடியில் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். எலி பாம்பின் உடம்பில் ஆகத் தடித்த இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. மிக முக்கியம், சூடு குறையக் கூடாது. பாம்புக்குத் தன் உடம்பில் சொந்தச் சூடு இல்லை. கீழே சூடு இல்லாவிட்டால் விழுங்கியது செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்.

இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. நான் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குகிற பகுதியில் பதினாறு வருஷம் வேலை செய்கிறவள். இடுக்கியும் வெப்பமானியும் கையுறையும் என் பிழைப்பு. இதைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணித்தியாலம் சந்தோஷமாகக் கதைப்பேன். ஒருத்தரும் கேட்பதில்லை. ஏன் பாம்பு வளர்க்கிறீர் என்றுதான் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

ஒருமுறை கடி வாங்கினேன். பிழை என்னுடையது. எலிப் பையைத் தொட்ட கையைக் கழுவாமல், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை உள்ளே விட்டேன். எலி மணம் வந்தால் அதற்கு விரலும் எலிதான். பெருவிரலைக் கவ்விச் சுற்றிக்கொண்டது. இழுத்தால் அதன் பல் முறிந்து என் சதைக்குள் நிற்கும் என்று தெரியும். ஆகவே லோன்ட்ரிக் குழாயடிக்குப் போய் அதன் தலையில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் விட்டது. நஞ்சில்லாத இனம், நாலைந்து சிவப்புப் புள்ளிதான் மிச்சம். இவர், அதாவது என் கணவர், வாசலில் நின்று பேயறைந்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். நோகுதா என்று கேட்கவில்லை.

பாம்பு வந்தது இப்படி. பக்கத்து ஷொப்பிங் சென்டரில் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு பெண் பிராணிகளைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளோடு வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். நான் கையில் மரக்கறிப் பையோடு தனியே நின்றேன். ஆரும் தொட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். கையை நீட்டினேன். ஒரு மீற்றர் நீளத்தில், பழுப்பில் கரும் புள்ளி போட்ட ஒரு சின்ன மலைப்பாம்பு என் முழங்கைவரை ஏறி நின்றது. அது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள், ஏன் இல்லை, டொக்டரிடம் காட்டினீர்களா, ஒன்றும் இல்லை. என் கை சூடாக இருந்தது, அது போதுமென்று இருந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து பாம்பு வளர்க்கிற லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன், அது கிடைத்ததும் அதே இனத்தில் ஒன்றை வாங்கினேன்.

அது என்னில் பாசமாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பாம்புக்குப் பாசம் தெரியாது. சூடு தெரியும், எலி தெரியும், ஒளிக்க இடம் தெரியும். எனக்கு அதுதான் பிடித்தது. அதற்கு நான் பெயரும் வைக்கவில்லை. "பிள்ளை இல்லாத குறைக்குப் பாம்பு வளக்கிறா" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு அன்ரி சொன்னது காதில் விழுந்தது. கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி, "அன்ரி, பிள்ளைக்கு நான் உறைஞ்ச எலி குடுத்திருக்க மாட்டன்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மேசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகவே இருந்தது. காலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியதையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்குக் குறை என்னிடம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளினிக்கில் இரண்டு பேரையும் இருத்தி வைத்து டொக்டர் தெளிவாகச் சொன்னார், குறை இவரிடம் என்று. ஊசியாலோ சத்திரசிகிச்சையாலோ சரிவராத குறை. வேறொருவருடைய விந்தில் பிள்ளை பெறுவதற்கு இவர் சம்மதிக்கவில்லை, தத்தெடுப்பதற்கும் சம்மதிக்கவில்லை. கார்த்தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். "அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். எனக்கு முப்பத்தொரு வயது. அழுகிற புருஷனைப் பார்த்து இரங்கி, சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். எவ்வளவு மலிவாகக் கொடுத்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கா என்பது என் மச்சாள், இவருடைய ஒரே சகோதரி. தாய் நேரத்தோடு செத்துப்போக, பன்னிரண்டு வயதில் அடுப்படிக்குப் போய்த் தம்பியை வளர்த்தவர். கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகும். எனக்காக அவர் பிடித்த விரதங்களைக் கணக்குப் பார்த்தால் ஒரு மனுஷி பாதிக் காலம் பட்டினி கிடந்திருக்கிறார். எங்கோ ஒரு சாத்திரி என் சாதகத்தைப் பார்த்து நாகதோஷம் என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து தொடங்கியது. நூல் வந்தது, தகடு வந்தது, வெள்ளியில் செய்த நாகம் வந்தது. ஊருக்குப் போனபோது நாகதம்பிரான் கோயிலில் புற்றடியில் என்னைக் கொண்டு பால் ஊற்றுவித்தார். கொளுத்துகிற வெயிலில் ஈரச்சேலையோடு நான் செம்பைச் சரித்தேன். இவர் பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். எல்லாம் தெரிந்துகொண்டு நின்றார். நான் இவரைப் பார்த்தேன், இவர் புற்றைப் பார்த்தார்.

மச்சாள் சிட்னியில், வெஸ்ட்மீட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன ஆடி மாதம் ஒரு மாதத்துக்கு எங்களிடம் வந்தார். பாம்பைப் பற்றி இவர் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பாம்பு இருக்கிற கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் கத்தப்போகிறார், அடுத்த பிளேனில் திரும்பப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன், உண்மையைச் சொன்னால் ஆசையோடு இருந்தேன். அவர் கைப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் தலைக்கு மேல் கை கூப்பினார். கண்ணில் தண்ணீர்.

"கடைசியில வழிக்கு வந்திட்டீர் பிள்ளை" என்றார். "வீட்டிலயே வைச்சுக் கும்பிடுறீர். இனி எல்லாம் வெளிக்கும்."

ஐம்பத்தொரு வயதில் எனக்கு இனி என்ன வெளிக்கப் போகிறது! கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கும்பிட்டது எனக்கு நெருப்பைக் கொட்டிய மாதிரி இருந்தது.

"மச்சாள், இது கும்பிட இல்லை. எனக்கு விருப்பம், வளக்கிறன்."

"ஓம் ஓம். பால் வைக்கிறனீரோ?"

"பாம்பு பால் குடிக்காது. எலி குடுக்கிறனான்."

"நாகத்துக்கு எலியோ? முருகா!" மச்சாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். இவர் சூட்கேஸை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கனமான சாமான் ஏதாவது தூக்க இருந்தால் அந்த நேரம் இவருக்குப் பெரிய உதவி.

அது நாகபாம்பு இல்லை, படம் எடுக்காது, மலைப்பாம்புச் சாதி என்று விளக்கினேன். பாலைச் செரிக்க அதன் வயிற்றில் வழியில்லை என்றும் சொன்னேன். மச்சாள் கேட்டார், தலையாட்டினார், நம்பவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். ஆடி வெள்ளியில் அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே எலி தின்னும் சத்தமும் கேட்கக் கூடாது என்றார். சரியென்றேன். பாம்புக்குப் பத்து நாளுக்கு ஒருதடவைதான் சாப்பாடு, புதன்கிழமை கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது. நான் விட்டுக்கொடுக்கத் தெரியாதவள் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

புதன்கிழமை பின்னேரம் ஒரு நல்ல எலி கொடுத்தேன். ஒரே பாய்ச்சலில் எடுத்தது. சுற்றி நெரித்து, தலைப்பக்கம் தேடி, அரை மணித்தியாலத்தில் விழுங்கி முடித்தது. நடுவுடம்பில் மேடு தெரிந்தது. பெட்டியின் ஒரு பக்கம், கீழே விரித்திருக்கிற மின்சாரச் சூட்டுப் பாய் முப்பத்தொரு பாகையில் இருந்தது. வெளியே மெல்பேர்ன் குளிர் எலும்பைக் கடித்தது. வியாழக்கிழமை அது சூட்டுப் பக்கம் சுருண்டு படுத்திருந்தது, நானும் பேசாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை நாகசதுர்த்தி. எனக்குத் தெரியாது. நான் பஞ்சாங்கக் கலண்டரைக் கிழிக்கிறதை எப்போதோ நிறுத்திவிட்டேன். காலை ஆறரைக்கு வேலைக்குப் போய்ப் பின்னேரம் நாலு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணம், எங்கேயோ சின்னக் குரலில் மந்திரம். பாம்பு அறைக்குப் போனேன். பெட்டியின் கண்ணாடியில் மூன்று குங்குமப் பொட்டு. மூடிக்கு மேலே செவ்வந்திப் பூ. உள்ளே தண்ணீர்க் கிண்ணத்தில் பால், அதற்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழத் துண்டு, ஒரு முட்டை. அருகே ஸ்டூலில், ஓயாமல் ஒரே மந்திரத்தைச் சொல்லுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. அதன் வயர் சுவரில் குத்தியிருந்தது. என் சூட்டுப் பாயின் வயர் கழற்றிய நிலையில், ஒழுங்காகச் சுற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது.

வெப்பமானி பதினெட்டு காட்டியது.

நான் மந்திரத்தைப் பிடுங்கினேன். சூட்டுப் பாயைக் குத்தினேன். பால் கிண்ணத்தை எடுத்து லோன்ட்ரியில் ஊற்றிக் கழுவினேன். அந்த அறைக்குப் பக்கத்து அறைதான் இவருடைய அலுவலகம். வெள்ளிக்கிழமைகளில் இவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர். கதவைத் தள்ளினேன்.

"மச்சாள் பிளக்கைக் கழட்டினது உங்களுக்குத் தெரியுமோ?"

இவர் ஸ்க்ரீனைப் பார்த்தபடி இருந்தார். "காலமை கண்டனான். சாமிக் காரியம்... அக்கா கும்பிட்டுக்கொண்டு நிண்டவ. எப்பிடிச் சொல்லுறது?"

"எத்தினை மணிக்கு?"

"எட்டு, எட்டரை இருக்கும்."

எட்டரையிலிருந்து நாலு வரை. ஒரு வசனம் போதும்: அக்கா, அந்தப் பிளக் மட்டும் வேண்டாம். அந்த ஒரு வசனம் இவர் வாயிலிருந்து வரவில்லை. இவருக்குத் தெரிந்தது, பார்த்தார், பேசாமல் இருந்தார். கோயிலில் நின்ற மாதிரியே நின்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாம்பு எலியைக் கக்கியது. அந்த மணத்தைப் பற்றி எழுத மாட்டேன். பாதி செரித்து, மயிர் கழன்று, சாம்பல் நிறத்தில் ஒரு பொதி. பாம்பு அதிலிருந்து விலகி மூலையில் வாயைத் திறந்தபடி கிடந்தது. கக்குகிறபோது எலியோடு வயிற்று அமிலமும் வரும், தொண்டை வெந்துபோகும். மறுபடி கக்கினால் உடம்பு கரைந்து செத்தும் போகலாம். எனக்கு இதெல்லாம் வாசித்துத் தெரியும், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கையுறையைப் போட்டுக்கொண்டு துப்புரவாக்கினேன். அழுதேன். பாம்புக்காக அழுகிறேன் என்று எனக்கு வெட்கமே வரவில்லை.

மச்சாள் வாசலில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வேண்டுமென்று சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. துக்கத்தில், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"இந்த வீட்டில ஒரு வயித்திலயும் ஒண்டும் தங்காது போல."

இவர் எனக்குப் பின்னால் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரும் கேட்டார். பையின் வாயை முடிந்தார், வெளியே கொண்டுபோய்ப் போட்டார், காரை எடுத்தார்.

ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறார். பாம்பைத் துணிப்பையில் போட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னேன்.

"இருபது வருஷம் காணும். இனி நான் இதைச் சுமக்க மாட்டன். அக்காவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுறன்."

இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "அக்கா உடைஞ்சு போவா."

"நான் உடையேல்லையோ?"

கொஞ்சத் தூரம் போன பிறகு, "இந்த வயசில இனி ஏன்?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்திருப்பேன். மடியில் பாம்பு இருந்தது.

"பாம்பு திரும்பச் சாப்பிடுற நாள் மட்டும்தான் உங்களுக்குத் தவணை" என்றேன். "அண்டைக்கு இரண்டில ஒருத்தர் சொல்லுறம்."

வைத்தியர் ஒரு இளம் பெண். சூடு எத்தனை மணித்தியாலம் இல்லாமல் போனது என்று கேட்டாள். ஏழரை என்றேன். எப்படி என்று கேட்டாள். வீட்டில் பூசை என்றேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. வாயைத் திறந்து பார்த்தாள், தராசில் நிறுத்தாள். பதினாலு நாள் ஒன்றும் கொடுக்க வேண்டாம், சுத்தத் தண்ணீர் மட்டும், தொடவே வேண்டாம். பிறகு வழமையான எலியில் பாதி அளவு. அதுவும் வெளியே வந்தால் உடனே கொண்டு வாருங்கள், அப்போது நிலைமை நல்லதாக இருக்காது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளைக் கூப்பிட்டு வயரைக் காட்டினேன். நான் கத்தவில்லை. இது கழன்றால் இதன் உயிர் கழலும் என்று சொன்னேன். அவருடைய முகம் வெளிறிப்போனது. "நான் விளக்கு வயர் எண்டு நினைச்சன் பிள்ளை. பகல்தானே எண்டு கழட்டினனான்." கதிரையில் இருந்துவிட்டார். "நாகத்தை நானே கொல்லப் பாத்தனே."

அந்தப் பதினாலு நாளும் மச்சாள் பாம்பு அறைக்குள் பூவோடு வரவில்லை. ஒவ்வொரு காலையும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் வெப்பமானியைப் பார்த்து, குசினியில் நிற்கிற எனக்குக் கேட்க, "முப்பத்தொண்டு" என்று கத்துவார். ஒருநாள் கத்தாமல் குசினிக்கே ஓடி வந்து முப்பது என்றார். பரவாயில்லை என்றேன். எனக்கு அவரில் கோபம் குறைந்துகொண்டே வந்தது. இவரில் குறையவில்லை. இவர் அந்தப் பதினாலு நாளும் வீட்டில் உடைந்து கிடந்த எல்லாவற்றையும் திருத்தினார், கராஜ் கதவு, சொட்டுகிற குழாய், மாடிப்படி லைட். நான் ஒன்றுக்கும் நன்றி சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் லோன்ட்ரிக்குப் போனபோது இவர் எனக்கு முன்னால் அங்கே நின்றார். வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதற்குள் பையில் ஒரு சின்ன எலி. எலியைக் கண்டால் ஓங்காளிக்கிறவர். முகம் பச்சையாக இருந்தது. பையை அழுத்திப் பார்த்து, "இன்னும் நடுவில கட்டியாக் கிடக்கு" என்றார்.

"பொறுங்கோ. இன்னும் பத்து நிமிஷம்."

இருவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எலியை எடுத்துத் துடைத்தார். இடுக்கியைக் கேட்டார், கொடுத்தேன். வாலடியில் பிடிக்கச் சொன்னேன். அறைக்குப் போனோம். மச்சாள் வெப்பமானிக்குப் பக்கத்தில் நின்றார். எலியை மூக்குக்கு நேரே இடிக்காமல் பக்கத்தில் நீட்டுங்கோ, கையை ஆட்டாதையுங்கோ என்றேன். இவர் நீட்டினார். பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கு வந்து வந்து போனது. எடுக்கவில்லை. இவருடைய கை நடுங்கத் தொடங்கியது, எலியும் நடுங்கியது. அதுதான் வேலை செய்தது. ஒரே பாய்ச்சல். இடுக்கியிலிருந்து எலி போய்விட்டது.

அந்த எலி வயிற்றிலேயே நின்றது என்பதையும், பாம்பு இன்றைக்கும் நல்ல தடிப்பாக இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அது எங்கள் யாருக்கும் தெரியாது. விழுங்கத் தொடங்கியதும் நான் மூடியை மெதுவாகச் சாத்தினேன். பிறகு இவரைப் பார்த்தேன். இவர் வெறும் இடுக்கியை இன்னும் நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா."

"என்ன தம்பி?"

"பிள்ளை இல்லாதது என்ர குறை." பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொன்னார். "டொக்டர் அப்பவே சொன்னவர். இவவில ஒரு குறையும் இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான்."

மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"புத்தடியில பால் ஊத்தேக்கையும் உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அந்த வெயிலுக்கயும்?"

"ஓம் அக்கா."

மச்சாள் தம்பியை அடிக்கக் கை ஓங்கினார். கை பாதியில் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கை குளிர்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இருபது வருஷம் நினைத்து வைத்திருந்த பெரிய பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. நிமிர்ந்து நின்றேன், அவ்வளவுதான்.

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்று அழுதார். "எத்தினை கோயில், எத்தினை விரதம்... நான் உம்மை எப்பிடியெல்லாம் கேட்டனான்!"

"ஓம், மச்சாள். இருபது வருஷமும் என்னைத்தான் கேட்டனீங்கள்" என்றேன். "ஒருநாளும் இவரைக் கேக்கேல்லை."